குறைமருந்துத் தோட்டா

‘ரெடியூஸ்ட் லோட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘குறைக்கப்பட்ட சுமை’ என்றாகும். லாரியிலிருந்து நாலு மூட்டையை இறக்கி வைத்தது போல! அமெரிக்க வேட்டைக்காரர் வாயில் வரும் ‘லோட்’ மூட்டையல்ல, மருந்து. தோட்டாவுக்குள் எவ்வளவு வெடிமருந்து போகிறது என்ற கணக்கு.

அங்கே சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்துவைத்து, புதுக் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டைச் செருகி வீட்டிலேயே தோட்டா செய்துகொள்பவர்கள் ஏராளம். ‘தர்ட்டி-ஆட்-சிக்ஸ்’ (.30-06) 1906இல் ராணுவத்துக்காக வந்து வேட்டைக்கும் பரவிய தோட்டா; தோளில் நன்றாகவே உதைக்கும். சுடப் பழகும் சிறுவர்களுக்கும், வார்ப்பு ஈயக் குண்டு போடுகிறவர்களுக்கும் அந்த உதையும் வேகமும் வேண்டாம். அதற்குத்தான் குறைமருந்து.

‘லோட்’டின் பழைய ஆங்கிலப் பொருள் வழி, பயணம். பிறகு சுமந்து செல்வது, சுமை, கடைசியில் துப்பாக்கிக்குள் இடுவது. நம்மிடம் இதற்கென்றே ஒரு வினை இருந்தது: கெட்டித்தல். குழல்வாய் வழியே மருந்தைப் போட்டுக் கம்பியால் இடித்த காலத்துச் சொல்.

‘தோட்டா’ இந்துஸ்தானியின் ‘டோட்டா’விலிருந்து வந்தது. ஆங்கிலக் ‘கார்ட்ரிட்ஜ்’ பிரெஞ்சுக் ‘கார்ட்டூஷ்’ வழி வந்தது. அதன் வேரில் இருப்பது காகிதம். மருந்தையும் குண்டையும் அன்று காகிதத்தில்தான் சுருட்டினார்கள். 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவும் காகிதச் சுருள்தான். தோட்டா வேறு, குண்டு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். பாய்வது குண்டு, பித்தளைக் கூடு சுட்டவரிடமே தங்கிவிடும்.

மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரெயின்’. வாற்கோதுமை மணியில் பிறந்த எடை. ஒரு பவுண்டுக்கு 7000, ஒன்று ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் நெல்லெடைக்கு அண்ணன் முறை. ‘தர்ட்டி-தர்ட்டி’ (.30-30) என்ற பெயரின் இரண்டாவது 30, முதலில் அதில் இட்ட மருந்தின் கிரெயின் கணக்குதான்.

‘குறை’ என்ற முன்னொட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றவைக்கும். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் கொஞ்சமாகப் போட்டபோது அழுத்தம் எகிறித் துப்பாக்கி சிதைந்ததுண்டு. மருந்து போதாமல் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொண்டால், தெரியாமல் சுடும் அடுத்த குண்டு குழலையே பிளக்கும். அதனால் அளவை யாரும் மனக்கணக்காகக் குறைப்பதில்லை. மருந்து செய்யும் நிறுவனம் சோதித்து அச்சிட்ட கணக்கைத்தான் தேடுகிறார்கள். ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் ‘எச் 4895’ மருந்துக்கு, தான் வெளியிட்ட உச்ச அளவில் 60 விழுக்காடாகும் வரை குறைக்கலாம் என்கிறது. அந்த 60 அந்த மருந்துக்கு மட்டும்; வேறு டப்பாவுக்குச் செல்லாது.

இப்படி அச்சிட்ட கணக்கைத்தான் அவர்கள் ‘லோட் டேட்டா’ என்கிறார்கள். ‘சுமைத் தரவு’ வேண்டாம். ‘மருந்தளவுப் பட்டியல்’ என்றால் பாட்டிக்கும் புரியும், என்ன, ஏதோ சித்த வைத்தியம் என்று நினைத்துக்கொள்வாள். முன்னால் ஒரு ‘தோட்டா’வைச் சேர்த்துக்கொள்ளலாம்.