லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்: இதில் கட்டடம் எங்கே?

போன மாதம் ஓர் உயர்கல்வி வழிகாட்டிக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தேன். பி.ஆர்க். என்ற கட்டடக்கலை இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கான மேற்படிப்புகள் என்ற பட்டியலில் மூன்றாவதாக ‘இயற்கைக் கட்டடக்கலை’ என்று இருந்தது. ஆங்கில மூலத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர். பூங்கா, ஆற்றங்கரை, வளாகம் என்று கட்டடத்துக்கு வெளியே கிடக்கும் நிலத்தை வடிவமைக்கும் துறை அது. இந்தப் பெயர்ப்பை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் திண்டுக்கல் பக்கம் ஒரு வழிகாட்டி முகாமில், பிளஸ் டூ முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் அதே மாதிரி ஒரு கையேடு. அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தார். “எங்கப்பா காலத்துல மண்சுவர் வைக்கிறதுதான் சார் எங்க தொழில். இந்தப் படிப்பு அதானே? இவ இதைத்தான் படிக்கணும்ங்கிறா” என்றார். அவர் தமிழைச் சரியாகவே படித்திருந்தார். மண், மூங்கில், சுண்ணாம்பு கொண்டு வீடு கட்டுவதைத்தான் நம் ஊரில் இயற்கைக் கட்டடம் என்கிறார்கள். அந்த இடத்தில் வேறொரு துறை ஏற்கெனவே குடியிருக்கிறது. தவறு முழுக்கக் கையேட்டினுடையது. அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசிப் புரியவைத்தேன். முகாமுக்கு வராதவர்களுக்கு யார் சொல்வது?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லேண்ட்ஸ்கேப், டச்சு மொழியின் ‘லான்ட்ஸ்காப்’ என்ற சொல்லிலிருந்து ஓவியர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்ற தொடரை 1828-ல் கில்பர்ட் லேங் மீசன் ஒரு நூலின் தலைப்பில் வைத்தார். இத்தாலிய ஓவியங்களில் நிலக்காட்சிக்கு நடுவே தெரியும் கட்டடங்களைப் பற்றிய நூல் அது. ஆகவே பிறந்தபோது அதில் கட்டடம் இருந்தது உண்மை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த பிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட்டும் கல்வர்ட் வாக்ஸும் 1860-களில் அதைத் தங்கள் தொழிலின் பெயராக்கினார்கள். அன்றிலிருந்து பொருள் மாறிவிட்டது. ஓல்ம்ஸ்டெட்டுக்கே இந்தப் பெயர் பிடிக்கவில்லை. லேண்ட்ஸ்கேப் நல்ல சொல் இல்லை, ஆர்க்கிடெக்சரும் இல்லை, இரண்டையும் சேர்த்தாலும் இல்லை என்று 1865-ல் வாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் நொந்துகொண்டார். தொழிலைத் தொடங்கியவரே பொறுக்காத ஒரு சொல்லை நாம் எழுத்துக்கு எழுத்து தமிழாக்கிச் சுமக்கிறோம்.

‘இயற்கைக் கட்டடக்கலை’யைத் தள்ளுவது எளிது. கொஞ்சம் படித்தவர்கள் எழுதும் ‘நிலத்தோற்றக் கட்டடக்கலை’தான் எனக்குப் பெரிய தொல்லை. பார்வைக்குச் செம்மையாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதில் இரண்டு பிழை இருக்கிறது.

முதலாவது ‘தோற்றம்’. கண்ணுக்கு அழகாக வைப்பதுதான் இந்த வேலை என்ற எண்ணத்தை அந்தச் சொல் விதைக்கிறது. இந்தத் துறையில் நடக்கும் பாதி வேலை கண்ணுக்கே தெரியாது. விழும் மழை எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே நின்று இறங்க வேண்டும், மண்ணை எவ்வளவு வெட்டி எங்கே கொட்ட வேண்டும், எந்த மரத்தின் வேர் எந்தக் குழாயை முட்டும் என்பதுதான் மாணவர் இரவெல்லாம் வரைகிற வரைபடம்.

இரண்டாவது ‘கட்டடக்கலை’. ஆர்க்கிடெக்சர் என்று கண்டவுடன் கை தானாகக் கட்டடக்கலை என்று எழுதிவிடுகிறது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரைக் கணினிக் கட்டடக்கலை என்று யாராவது எழுதுகிறோமா? கணினிக் கட்டமைப்பு என்றுதானே சொல்கிறோம். அங்கே வந்த தெளிவு இங்கே ஏன் வரவில்லை? கட்டடமா கட்டிடமா என்று மணிக்கணக்கில் வாதாடும் நண்பர்கள்கூட, அங்கே கட்டடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். கரையைச் செடிகளின் வேரும் கல்லும் பிடித்து நிற்கின்றன. பெருமழையில் ஆறு புல்தரைமேல் ஏறி விரியும், வடிந்ததும் பிள்ளைகள் அதே புல்லில் ஓடுவார்கள். 62 ஹெக்டேர், 2012-ல் திறந்தது. இந்தத் துறை மாணவர்கள் உலகமெங்கும் பாடமாகப் படிக்கும் பணி இது. இதைக் கட்டடக்கலை என்று தமிழில் சொன்னால் படிப்பவர் மனதில் என்ன படம் எழும்? பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தொழில் செய்பவரைப் ‘பெயிசாஜிஸ்த்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். அதில் கட்டடம் இல்லை.

ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் போய்விட்டால் மதிப்புப் போய்விடும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். இந்தியாவில் அந்தப் பட்டத்தை 1972-ம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பி.ஆர்க். முடித்துப் பதிவு செய்தவரிடமிருந்து ஒரு தமிழ்ச்சொல் அதைப் பறிக்காது.

‘திணைக்கலை’ என்று முன்வைப்பவர்களும் உண்டு. முதலும் கருவுமாக நிலத்தையும் மரத்தையும் பறவையையும் சேர்த்தே நினைத்த மரபு நம்முடையது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் திணை, பாட்டின் ஒழுக்கத்தையும் சேர்த்துக் குறிக்கும் இலக்கணச் சொல். தவிர, இலங்கையில் அரசுத் துறைக்கே திணைக்களம் என்றுதான் பெயர். ‘திணைக்கலைத் திணைக்களம்’ என்று ஒரு பெயர்ப்பலகை வந்தால் யாருக்கு விளங்கும்? ‘தோட்டக்கலை’யும் ஆகாது. அது வேளாண் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டப்படிப்பு.

நான் எழுதுவது ‘நிலவெளி வடிவமைப்பு’. செய்பவர் நிலவெளி வடிவமைப்பாளர். வயல்வெளி, மணல்வெளி, வெட்டவெளி, வடலூரின் பெருவெளி என்று, சுவருக்கு வெளியே கிடக்கும் நிலத்தை நாம் வெளி என்றே சொல்லிவந்திருக்கிறோம். நிலம் முன்னால் நிற்பதால் விண்வெளியோடு குழம்பாது. ஒரு குறை உண்டு. தொலைபேசியில் சொன்னால் சிலருக்கு ‘நிலவொளி’ என்று கேட்கிறது. ‘வடிவமைப்பு’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பெரும்பாலும் ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்துத்தான் இதில் முதுநிலைக்குப் போவார்கள். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். டெல்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) 1972-ல் இந்தத் துறையைத் தொடங்கியது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் உண்டு. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதை 4 ஆண்டு இளநிலைப் பட்டமாகவே தருகிறது. முடித்தவர்கள் வடிவமைப்பு அலுவலகங்களுக்குப் போகிறார்கள். கல்லூரி வளாகம், மருத்துவமனை, ஆற்றங்கரை, தூர்ந்த ஏரி, சுரங்கம் தோண்டிவிட்டுப் போட்ட நிலம் என்று வேலை விரிகிறது. சென்னையில் இருப்பவர்கள் அடையாற்றில் 2011-ல் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவைப் போய்ப் பார்க்கலாம். குப்பையும் கட்டட இடிபாடும் குவிந்திருந்த கழிமுகத்தைத் திரும்பவும் நீர்நிலையாக்கிய இடம்.

கையேட்டுக்கு வருகிறேன். தலைப்பைத் திருத்திவிட்டு உள்ளே போனால் பாடப்பட்டியலில் ‘நிலத் தரப்படுத்தல்’ என்று இருந்தது. மூலம் ‘கிரேடிங்’. தண்ணீர் ஓடுவதற்கு ஏற்றபடி தரையைச் சரித்து அமைக்கும் பாடம் அது. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதல் பொருளை எடுத்திருக்கிறார். எங்கள் தெருவில் மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார், ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, “இந்த மூலைக்கு இன்னும் ஒரு இஞ்ச் வாட்டம் வேணும்” என்று நாள் முழுக்கச் சொல்கிறார். ‘தரப்படுத்தல்’ மேல் கோடு இழுத்து, ஓரத்தில் ‘வாட்டம் அமைத்தல்’ என்று எழுதி அனுப்பினேன்.