யோசனை சொல்ல ஊரே இருக்க, லைஃப் கோச் எதற்கு?

மதுரையில் ஒருவருக்குச் சிக்கல் என்று தெரிந்துவிட்டால் போதும், யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், மச்சான் போனில் வேறொன்று சொல்வார். இத்தனை பேர் சும்மாவே சொல்லும்போது, காசு கொடுத்து ஒரு லைஃப் கோச்சிடம் எதற்குப் போக வேண்டும் என்று என்னிடமே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் யோசனை சொல்வதில்லை. கேள்வி கேட்பதும், அவர் சொன்னதை அவருக்கே நினைவூட்டுவதும், ‘செய்கிறேன்’ என்றதைச் செய்தாரா என்று அடுத்த வாரம் விசாரிப்பதும்தான் என் வேலை. எதிரே இருப்பவர் யோசித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது அதில் பாதி. நம் ஊரில் அதுதான் கிடைக்காத சரக்கு.

கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர் வந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவுக்குப் பிறகு கடை அவர் கைக்கு வந்திருந்தது. “அண்ணா நகர்ல ஒரு பிராஞ்ச் போடணும் சார், அதுக்கு ஒரு உந்துதல் வேணும்” என்றார். உந்துதல் கொடுப்பது சுலபம். கைதட்டி, முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம். நான் கேட்டது ஒன்றுதான்: “பிராஞ்ச் தொறந்தாச்சுன்னு வச்சுக்கங்க. அதுக்கப்புறம் வர்ற ஒரு சாதாரண புதன்கிழமை எப்படி இருக்கும், காலையில இருந்து சொல்லுங்க.” சொல்ல ஆரம்பித்தவர் மதியத்தைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டார். இருக்கிற ஒரு கடையிலேயே கல்லாவை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. பிராஞ்ச் ஆசை எங்கிருந்து வந்தது என்று பேசப் பேச, சித்தப்பா மகன் இரண்டாவது கடை திறந்த கதை வெளியே வந்தது.

அவருடைய உண்மையான தொல்லை நிலுவை. அப்பா காலத்து வாடிக்கையாளர்களிடம் பாக்கியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உறவு முறிந்துவிடும் என்ற பயம். பாக்கிப் பட்டியலை எழுதச் சொன்னேன். அதற்கே இரண்டு வாரம் இழுத்தார். பெயர்களைப் பார்த்ததும் யாரிடம் கேட்டால் கோபப்படுவார்கள், யார் கேட்காததால்தான் கொடுக்கவில்லை என்று அவரே பிரித்துவிட்டார். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்: செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்ததும், கல்லாவில் உட்காரும் முன் மூன்று பேருக்குப் போன். ‘இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது, வெறுமனே ‘செய்யணும்’ என்று நினைப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கடைக்காரருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். பாக்கி வர ஆரம்பித்தது. பிராஞ்ச் இன்னும் போடவில்லை. போடாததில் அவருக்கு வருத்தமும் இல்லை.

கோச்சிங்கில் அதிகம் பேசப்படும் ‘க்ரோ’ முறையில் நான்கு கட்டங்கள்: இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன, என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறேன். 1992இல் வெளியான தன் புத்தகத்தின் வழியாக இதைப் பரப்பிய பிரிட்டன்காரர் ஜான் விட்மோர், அதற்கு முன் கார் பந்தய வீரர். வருகிறவர்கள் முதல் கட்டத்திலிருந்து மூன்றாவதுக்குத் தாவத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது சலிப்பூட்டும் வேலை: எவ்வளவு கடன், எத்தனை மணி நேரம் தூக்கம், வீட்டில் யார் ஒத்துழைப்பார்கள் என்று உட்கார்ந்து எழுதுவது. என் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. இலக்கே மாறுவதும் அங்கேதான்.

ஊக்க உரை மேடைகளில் நம் ஊர் டாக்டர் கோ. வெங்கடசாமியை அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார், நீங்களும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அவர் முதலில் ஆசைப்பட்டது மகப்பேறு மருத்துவம். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் அது நடக்கவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களோடு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக ஆண்டுக்கணக்கில் இருந்தார், கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தினார். 58 வயதில் அவர் திடீரென்று குதிக்கவில்லை. தன் கையால் எது முடியும், எது முடியாது என்று வருடக்கணக்கில் பார்த்தவர். ஞானம் என்று பெரிய வார்த்தை போட்டுப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் அதை இதற்குத்தான் போடுவேன்.

நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலையிலேயே இடம்பிடித்து குரூப் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் வருகிறார்கள். ‘பாஸ் ஆவேனா’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. எத்தனை முறை எழுதுவது, அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி, எந்தத் தேதியில் உட்கார்ந்து மறுபடி முடிவெடுப்பது என்று அவர்கள் கைப்பட எழுத வைக்கலாம். ‘அடுத்த தடவை கண்டிப்பா’ என்று வீட்டில் சொல்லும்போது காட்ட ஒரு தாள் இருக்கும். அவ்வளவுதான் என்னால் முடியும்.

இனி எச்சரிக்கை. லைஃப் கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவப் பட்டம் வேண்டும். கோச்சுக்கு ஒன்றும் வேண்டாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தருகிற ஆரம்பநிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் பயிற்சியும், ஆட்களோடு 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் கேட்கிறார்கள். அது இருந்தால் நல்ல கோச் என்று அர்த்தமில்லை. ஆனால் ஹோட்டல் ஹாலில் பாட்டுப் போட்டு ஆடவிட்டு, இரண்டு நாளில் ‘சர்டிஃபைடு’ ஆக்கி, அன்று சாயங்காலமே பிளாட்டினம் பேக்கேஜ் விற்பவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்க இது உதவும். அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா, பேசியது வெளியே போகாதா, உங்களால் முடியாததை யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவரிடம் போகவே வேண்டாம்.

ஏனென்றால் அனுப்ப வேண்டியவர்கள் வருவார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி கட்டுமீறிவிட்டது, ‘இருந்து என்ன பண்ண’ என்று பேசுகிறார் என்றால் அது கோச்சிங் விஷயமே அல்ல. ‘பாசிட்டிவா யோசிங்க’ என்று அவரிடம் சொல்வது கெடுதல். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நாள் முழுக்க இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, மகனைக் கையோடு கூட்டிவரும் அப்பாக்கள். “இவனக் கொஞ்சம் சரி பண்ணி விடுங்க சார்” என்பார்கள். மகனோடு மட்டும் கொஞ்ச நேரம் பேசுவேன். அவனுக்கு விருப்பமில்லை என்றால் கட்டணம் வாங்காமல் அனுப்பிவிடுவேன். இன்னொருவர் ஆசைப்பட்டு நடக்கிற காரியம் இல்லை இது. அடுத்த வாரம் அந்த அப்பா மட்டும் தனியாக நேரம் கேட்டுப் போன் செய்வதும் உண்டு. அவருக்குத் தாராளமாக நேரம் தருகிறேன்.