செல்ஃப் அடிக்கிற வண்டியை இறக்கத்தில் உருட்டாதீர்கள்

உறைபனி விழத் தொடங்கிவிட்டால், விடிவதற்கு முன்பே போன் வர ஆரம்பித்துவிடும். ஊட்டி, கேத்தி, எமரால்டு என்று ஊர் மாறும், பேச்சு மாறாது. "அண்ணா, செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி பிடிக்க மாட்டேங்குதுங்க. உருட்டியும் பார்த்துட்டோம்." இந்த முறை அப்படி உருட்டிய ஒரு பழைய டீசல் பிக்அப், கேரட் மூட்டைகளோடு ரோட்டோரத் தடுப்புச்சுவரில் ஏறித்தான் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் ஆக்சில், ரேடியேட்டர், பம்பர் எல்லாம் போனது. வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் என்னவென்று பார்த்தால், டீசல் பம்பின் தலையில் இருந்து, கரண்ட் வந்தால் டீசலைத் திறந்துவிட்டு, நின்றால் அடைக்கும் கட்ஆஃப் சோலினாய்டுக்குப் போகும் ஒற்றை ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை.

இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை என்பதால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இறக்கத்தில் உருட்டி கியர் போடுவதும் செல்ஃப் மோட்டாருக்கு மாற்று. அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரின் ஒரே வேலை எஞ்சினைச் சுற்றிவிடுவது. அது ஏற்கெனவே நன்றாகச் சுற்றுகிறது என்றால், சக்கரத்தைக் கொண்டு சுற்றினாலும் அதே சுற்றுதான். டீசல் வராத எஞ்சினுக்கு உருட்டுவதால் டீசல் வந்துவிடாது. காற்று புகுந்து ஏர் லாக் ஆன பைப்பிலிருந்து அந்தக் காற்று வெளியேறிவிடாது. கழன்ற ஒயர் தானாகப் போய் மாட்டிக்கொள்ளாது. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் உருட்டியே கடந்தாலும் அந்த எஞ்சின் பிடிக்காது.

"போன வாரம் உருட்டினப்ப பிடிச்சுதே?" என்று கேட்பீர்கள். பிடித்திருக்கும். பேட்டரி சோர்ந்து செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும்போது, உருட்டினால் எஞ்சின் வேகமாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், குறைந்த எஞ்சினும் வேகமாகச் சுற்றினால் சில நேரம் பிடிக்கும். இரண்டுமே வேகமாகச் சுற்றினால் சமாளிக்கக்கூடிய கோளாறு. அதில் பிடித்ததைப் பார்த்துவிட்டு எல்லாக் கோளாறுக்கும் உருட்டுவதே மருந்து என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கே பலர் வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துவதே காலையில் உருட்டத்தான்.

எஞ்சின் ஓடாமல் வண்டி உருளும்போது பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் என்கிற உறிஞ்சுவிசை புதிதாகக் கிடைக்காது. பழைய டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், எஞ்சின் ஓடினால்தான் அது இழுக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், சில வண்டியில் அதுவும் இருக்காது. அதற்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் இறுகும். சாவியை எடுத்துவிட்டு உருட்டும் புண்ணியவான்களும் உண்டு. ஸ்டியரிங் லாக் விழுந்தால் வளைவு எங்கே, வண்டி எங்கே? ஒரு டன் லோடு, பனி ஈரத்தில் வழுக்கும் தார், திடீரென்று கிளட்ச் விட்டால் பின்சக்கரம் சறுக்கும். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட் பல் தாண்டியிருந்தால், உருட்டும்போது வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும். ஒயர் செலவோடு போயிருக்க வேண்டியது ஹெட் வேலையில் வந்து நிற்கும்.

சரி, என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காது. செல்ஃப் வழக்கமான தாளத்தில் சுற்றுகிறதா, இழுக்கிறதா, அல்லது வழக்கத்துக்கு மாறாக வேகமாக, ஒரே சீராக 'விர்ர்' என்று சுற்றுகிறதா? இழுத்தால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் கம்ப்ரெஷன் இல்லை, டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் சாவியைத் தொடாதீர்கள். எதுவானாலும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். ஸ்டார்ட் ஆகாத கோபத்தை செல்ஃப் மோட்டார் மேல் காட்டி, அதன் வைண்டிங்கையும் எரித்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

செல்ஃப் தாளம் சரி என்றால், அடுத்தது சைலன்சர். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. பாதி வேலை இங்கேயே முடிந்தது. இதைப் பார்க்காமல் முதல் நாள் பேட்டரி, மறுநாள் ஃபில்டர், மூன்றாம் நாள் டீசலைத் தெளிக்கும் நாசில் என்று மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்குச் செலவைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

புகை இல்லாத வண்டியில் முதல் சந்தேகம் அந்த சோலினாய்டுதான். ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் அது பம்பின் தலையில், ஒரே ஒரு ஒயர் போய் மாட்டிய உருளை. சாவியை ஆன் செய்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். ஒயரைக் கழற்றிக் கழற்றித் தொட்டால் ஒவ்வொரு முறையும் 'டக்'. சத்தம் இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள், பிறகு ஒயரை நெடுக உருவிப் பாருங்கள். காய்கறி ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கும்.

இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் கோட்டை விடுகிறார்கள். ஆனில் சத்தம் வந்ததுமே சோலினாய்டு நல்லது என்று விட்டுவிடுவார்கள். பழைய சாவி சுவிட்சில் காண்டாக்ட் தேய்ந்திருந்தால், ஆனில் 12 வோல்ட் வரும், ஸ்டார்ட் பக்கம் திருப்பியதும் சோலினாய்டுக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். அதாவது செல்ஃப் சுற்றும் நேரத்தில் மட்டும் டீசல் அடைபடும். எனவே கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்பை சோலினாய்டு முனையில் வைத்துக்கொண்டே செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு அணைந்தால் மாற்ற வேண்டியது சாவி சுவிட்ச், பம்ப் அல்ல. அவசரத்துக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒயர் ஒன்றை நேராக சோலினாய்டுக்குக் கொடுத்து ஓட்டி வரலாம். அப்போது சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது, ஒயரைக் கழற்றினால்தான் நிற்கும். இதை ஓட்டுபவருக்குச் சொல்லிவிட்டே கொடுங்கள். சோலினாய்டுக்குள் டீசலை அடைக்கும் பிளஞ்சரை உருவிப் போட்டுவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம். அந்த எஞ்சினை நிறுத்த, கியரில் வைத்து மூச்சடைக்கத்தான் வேண்டும். இன்லைன் பம்ப் வண்டியில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தால் போதும்.

சோலினாய்டு சரி என்றால் காற்று. மலை வண்டிக்கே உரிய கோளாறு இது. மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் எஞ்சின் உயரத்தில், டாங்க் தாழ்வில். பைப்பில் எங்காவது வாஷர் தேய்ந்தோ ரப்பர் ஹோஸ் வெடித்தோ இருந்தால், இரவில் டீசல் மெல்ல டாங்குக்கு இறங்கி, அந்த இடத்தில் காற்று ஏறும். கசிவு வெளியே தெரியாது, ஏனென்றால் டீசல் வெளியே வரவில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. அதே வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். எந்த இணைப்பிலிருந்து சொட்டுகிறது என்பதைக் காலையில் அட்டையே காட்டிவிடும். டீசல் கால் டாங்குக்குக் கீழே இருந்தால் சரிவில் உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்தும் காற்று இழுக்கும்.

காற்றை எடுக்க: ஃபில்டர் மேலிருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வழியும்போதே, வழிய வழிய ஸ்க்ரூவை இறுக்குங்கள். பம்பில் ஸ்க்ரூ இருந்தால் அதிலும் இதே வேலை. பிறகு நாசில் பக்கம் இரண்டு பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் விட்டுவிட்டுத் தெறித்ததும் இறுக்குங்கள். கையையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் புதிய காமன் ரெயில் வண்டியில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிப்பதே கூடாது. நான் சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிக்கு மட்டும். ஃபில்டர் அடியில் தண்ணீர் திறப்பு இருந்தால், அதையும் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். பாதி டாங்கோடு பனியில் நிற்கும் வண்டியில் தண்ணீர் சேர்வது சகஜம்.

வெள்ளைப் புகை வந்தால் கதை வேறு. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின் என்றால் அதில் தொடங்குங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. நான்கில் இரண்டு செத்திருந்தாலும் மேட்டுப்பாளையத்தில் வண்டி பிடித்துவிடும், ஊட்டியில் பிடிக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் இங்கே குறைவு, போதாக்குறைக்குக் குளிர். "கீழே நல்லாத்தான் ஓடுச்சு" என்பது எஞ்சின் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. பிளக்கைக் கழற்றுவதென்றால் எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். குளிர்ந்த ஹெட்டில் பலம் கொடுத்தால் முனை உள்ளே முறிந்து நிற்கும். எல்லாப் பிளக்கும் நல்லது, கரண்ட்தான் வரவில்லை என்றால் ரிலே.

அதற்குப் பிறகுதான் டாப்பெட் கேப் (வால்வுக்கு விடும் இடைவெளி), நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரெஷன். சிலிண்டரைக் கடையும் போர் வேலை என்று யாராவது சொன்னால், கம்ப்ரெஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். டாப்பெட் இறுகி வால்வு மூடாமல் நிற்பதாலும் கம்ப்ரெஷன் குறையும், அதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை.

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி பிடிப்பதும், ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் தயவுசெய்து வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் அது நேரம் தவறி வெடித்து, ரிங்கையோ பிஸ்டனையோ உடைக்கும். துணி பற்றினால் பிடித்திருப்பவர் கையும் சேர்ந்து பற்றும். டாங்குக்கும், எஞ்சின் ஆயில் இருக்கும் சம்புக்கும் அடியில் பேப்பரைக் கொளுத்திச் சூடாக்குகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பனியில் டீசல் கெட்டியாகிவிட்டது என்று தோன்றினால், வெந்நீரில் நனைத்த சாக்கை ஃபில்டரில் சுற்றுங்கள். அது போதும்.

வண்டிக்கு அடியிலோ பானெட்டுக்குள்ளோ கை வைக்கும் முன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். நடுரோட்டில் நின்றுவிட்டால் இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், முன்வண்டி மெதுவானதும் பின்வண்டி அதன்மேல் ஏறும். இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புத் தடியான டோ பார் வையுங்கள், இல்லையென்றால் ரிக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். மெக்கானிக்குக்குப் போன் போடும்போது 'ஸ்டார்ட் ஆகல' என்பதோடு நிறுத்தாமல், செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது, புகை வருகிறதா, என்ன நிறம், சாவி ஆனில் 'டக்' கேட்கிறதா, இரவு மூக்கு எந்தப் பக்கம் பார்க்க நின்றது, டாங்கில் எவ்வளவு டீசல் என்று சொல்லுங்கள். எந்தச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.