மரவளையம் சொன்ன சேதி

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "1950, 60களின் ஃபெராரி, லான்சியா கார்களின் படங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மெல்லிய மர ஸ்டீயரிங். அவ்வளவு வேகமாகப் போகிற வண்டிக்கு ஏன் மரம்? அழகுக்காகவா?"

அழகு பின்னால் வந்து சேர்ந்தது. அந்த வளையம் முதலில் ஓர் அளவுக் கருவி. டயருக்கும் சாலைக்கும் நடுவே நடப்பதை ஓட்டுநரின் விரலுக்குச் சொல்லும் கருவி. அதை எப்படிச் சொல்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. அதற்குமுன் அளவைப் பற்றி இரண்டு வரி.

பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம். பள்ளியில் படித்த திருப்புத்திறன் கணக்குதான்: விசை பெருக்கல் ஆரம். ஸ்டீயரிங் தண்டைத் திருப்ப 10 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று வையுங்கள். 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் 50 நியூட்டன் போதும், ஏறக்குறைய 5 கிலோ தூக்கும் பலம். 30 செ.மீ. வளையமானால் 67 நியூட்டன். மணிக்கணக்கில் ஓடும் பந்தயத்தில் இந்த வித்தியாசம் தோள்பட்டையில் தெரியும். அதனால் பெரிய வளையம்.

வளையமே இல்லாவிட்டால்? 1946இல் இத்தாலியின் தூரின் நகரில் நடந்த கோப்பா பிரெட்ஸி பந்தயத்தில், புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் தாட்ஸியோ நுவொலாரி ஓட்டிய சிசிதாலியா வண்டியின் ஸ்டீயரிங் கையோடு கழன்று வந்துவிட்டது. அவர் அதைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக் காட்டியபடி தன் குழுவினரைக் கடந்து போனார். ஸ்டீயரிங் தண்டைக் கையால் பற்றித் திருப்பியே வண்டியைச் செலுத்தினார். சில சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு பந்தய வண்டியைத் திருப்புவதற்கு எத்தனை மடங்கு பலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சின்ன வண்டியில் இருந்தது ஃபியட் 1100 இன்ஜின். பிற்காலத்தில் பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினிக்கும் அதே குடும்பத்தின் 1089 சிசி இன்ஜின்தான்.

இனி டயருக்கு வருவோம்.

டயர் சாலையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த இடத்தில் ரப்பருக்குப் பதில் பல் துலக்கும் பிரஷ்ஷின் தூவிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டயர் பொறியாளர்களே இப்படித்தான் நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வண்டி வளைவில் போகும்போது, சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் ஓரிரு டிகிரி வேறுபாடு இருக்கும். ஒரு தூவியைப் பின்தொடருங்கள். தொடுபரப்பின் முன்விளிம்பில் அது சாலையைத் தொடும்போது நேராக நிற்கிறது. நுனி சாலையைப் பிடித்துக்கொள்கிறது. வேர் சக்கரத்தோடு போகிறது. சக்கரம் சற்றுக் கோணலாகப் போவதால், நுனிக்கும் வேருக்கும் நடுவே பக்கவாட்டு விலகல் கூடிக்கொண்டே வருகிறது. பின்விளிம்பை எட்டும்போது தூவி நன்றாக வளைந்திருக்கிறது. பிறகு தரையை விட்டு எழுந்து நிமிர்ந்துவிடுகிறது.

ஆக, வண்டியை வளைவில் பிடித்து நிறுத்தும் பக்கவாட்டு விசை தொடுபரப்பு முழுவதும் சமமாகப் பரவியில்லை. முன்னால் சுழியம், பின்னால் உச்சம். வரைந்தால் ஒரு முக்கோணம். முக்கோணத்தின் எடைமையம் கூர்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். தொடுபரப்பு 12 செ.மீ. நீளமென்றால், விசையின் மையம் அதன் நடுப்புள்ளிக்கு 2 செ.மீ. பின்னால் விழும்.

இந்த 2 செ.மீ.தான் கதாநாயகன். சக்கரத்தின் நடுவுக்குப் பின்னால் இழுக்கும் விசை, சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டீயரிங் தானே திரும்பி வரத் துடிப்பதற்கு இது ஒரு காரணம். (சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சைச் சற்றுச் சாய்த்து வைப்பது இன்னொன்று, சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போல.) பக்கவாட்டு விசை 3000 நியூட்டன் என்றால், இந்த விரலகலத் தூரம் 60 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைத் தருகிறது. வளையம் 15 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்ற ஸ்டீயரிங் விகிதத்தைத் தாண்டி, உங்கள் கைக்கு 4 நியூட்டன் மீட்டர் வந்து சேர்கிறது. 40 செ.மீ. வளையத்தில் 2 கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு.

வளைவில் வேகத்தைக் கூட்டுங்கள். தூவிகள் இன்னும் வளைகின்றன. ஒரு கட்டத்தில் பின்விளிம்புத் தூவிகளுக்குத் தாங்கவில்லை. நுனி பிடியை விட்டு வழுக்குகிறது. முன்பகுதி இன்னும் உறுதியாகப் பிடித்திருப்பதால் மொத்த விசை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முக்கோணத்தின் பின்முனை வெட்டுப்பட்டுவிட்டதால், மையம் முன்னோக்கி நகர்கிறது. 2 செ.மீ. ஒன்றரை ஆகிறது, ஒன்றாகிறது. விசை கூடும் வேகத்தைவிடத் தூரம் குறையும் வேகம் அதிகமாகும் அந்தக் கணத்தில், இரண்டின் பெருக்கலும் இறங்கத் தொடங்குகிறது.

கையில் அது எப்படித் தெரியும்? ஸ்டீயரிங் லேசாகும். முன்டயரின் பிடி இன்னும் முழுதாகத் தீரவில்லை, வண்டி இன்னும் சொன்னபடி கேட்கிறது. ஆனால் கை மட்டும் லேசாகிவிட்டது. வழுக்கப் போகிறேன் என்று டயர் முன்கூட்டியே சொல்கிறது! எந்தச் சென்சாரும் இல்லை, மின்சாரம் இல்லை. ரப்பர் வளைவதன் வடிவியலே இந்த எச்சரிக்கையைத் தருகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

2 கிலோ இழுப்பு ஒன்றரை கிலோவாகக் குறைவதைக் கை உணர வேண்டுமானால், நடுவில் எதுவும் அதை விழுங்கிவிடக் கூடாது. வளையம் கனமாக இருந்தால் அதன் நிலைமமே சிறு மாற்றங்களை விழுங்கிவிடும். மெத்தென்ற உறை போட்டால் அதிர்வு அதிலேயே அடங்கிவிடும். நம் விரல்நுனியில் அதிர்வை உணரும் பாசினி உறுப்புகளுக்கு வினாடிக்கு 250 அதிர்வுக்கு அருகில் கூர்மை அதிகம். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட அவை கண்டுகொள்ளும். மெல்லிய, கெட்டியான மரம் அந்த அதிர்வைக் கொண்டுவந்து தரும். வெறும் அலுமினியமும் தரும்தான். ஆனால் வெப்பத்தை மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும் அலுமினியத்தை இத்தாலியின் கோடை வெயிலில் பிடிக்க முடியாது.

என்ரிகோ நார்டியின் வளையம் இதற்குக் கிடைத்த அருமையான விடை. பொலோன்யாவில் 1907இல் பிறந்தவர். லான்சியாவில் வேலை பார்த்து, பிறகு என்ஸோ ஃபெராரியோடு சேர்ந்து 1940இன் 815 பந்தய வண்டியில் உழைத்தவர். தூரினில் சொந்தப் பட்டறை வைத்து, 1950களின் தொடக்கத்தில் இந்த வளையங்களைச் செய்ய ஆரம்பித்தார். ஆரக்கால்களும் மெல்லிய வளையமும் ஒரே அலுமினியத் தகட்டில் வெட்டப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் மரத்தை ஒட்டி, ரிவெட் அடித்து, வழவழப்பாக இழைத்துவிடுவார்கள். ஃபெராரி 250 ஜிடிஓவின் உள்ளே தெரிவதும் நார்டி வளையம்தான்.

அடுத்த திருப்பம் ஜான்பியரோ மொரெத்தி என்ற இத்தாலியப் பந்தய ஓட்டுநர். 1964இல் தன் பந்தய வண்டிக்காகச் சிறிய, தடித்த பிடியுள்ள வளையமொன்றைச் செய்வித்தார். அது ஃபார்முலா 1 ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸுக்குப் பிடித்துப்போய் அவருடைய ஃபெராரிக்குப் போனது. அந்த ஆண்டு ஃபார்முலா 1 பட்டம் அவருக்குத்தான். மொரெத்தி, பந்தயத் தடத்துக்குப் பேர்போன மோன்ஸா நகரம் இரண்டின் முதல் எழுத்துகளும் சேர்ந்து மோமோ ஆனது. அதற்குள் பந்தய வண்டிகளில் இன்ஜின் பின்னால் போய், வண்டி இலகுவாகி, ஓட்டுநரின் இடம் குறுகியிருந்தது. பெரிய வளையத்துக்குத் தேவையும் இல்லை, இடமும் இல்லை.

மரத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். மோதலில் அது சிம்பாகப் பிளக்கும். வளையாத தண்டு நெஞ்சில் பாயும். 1968 முதல் அமெரிக்கா தன் சந்தைக்கு வரும் கார்களின் ஸ்டீயரிங் ஓட்டுநரின் நெஞ்சைக் காக்க வேண்டும் என்று சட்டம் போட்டது சரியான செயல். பிறகு காற்றுப்பை வந்தது, பவர் ஸ்டீயரிங் வந்தது. உயிர்கள் பிழைத்தன. டயரின் குரலும் தேய்ந்தது. இன்று அதே சேதியை மின்மோட்டார் வழியாகத் திரும்பக் கொண்டுவரப் பொறியாளர்கள் படாதபாடு படுகிறார்கள்.

இங்கே என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையைச் சுற்றி டயரும் காரும் செய்யும் ஆலைகள் இத்தனை இருக்கின்றன. மழை பெய்த தார்ச்சாலையில் உள்ளங்கையளவு ரப்பர் என்ன செய்கிறது என்ற ஆய்வுக்கு, விண்வெளிக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு துளியாவது கிடைக்க வேண்டும். நாம் தினமும் உயிரை ஒப்படைப்பது அந்தப் பரப்பில்தான்.

நண்பர் ஒருவர் இத்தாலியிலிருந்து 1960களின் நார்டி வளையமொன்றை வரவழைத்திருந்தார். கையில் வாங்கினேன். எதிர்பார்த்ததில் பாதி எடைகூட இல்லை. மரத்துக்கு நடுவே அலுமினியம் வெள்ளிக்கோடாக ஓடியது. பின்பக்கத்தில் விரல் அமர அலையலையாகக் குடைந்திருந்தார்கள். வார்னிஷ் இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் நன்றாகவே. இத்தாலியச் சாலை வண்டியில் வலக்கை அடிக்கடி கியருக்குப் போய்விடும். வளைவின் நடுவில் டயர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது இடக்கை.