ஆங்கிலம் வராதவர்களுக்கு பிரெஞ்சு வராது என்று யார் சொன்னது?

கல்லூரி திறந்து முதல் மாதம் முடிவதற்குள் அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்துவிடும். “எனக்கு ஆங்கிலம் சரியாக வராத காரணத்தால், பகுதி 1-ல் பிரெஞ்சுக்குப் பதிலாகத் தமிழ் எடுக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” (பகுதி 1 என்பது பட்டப்படிப்பில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் பாடம்.) இந்த வருடம் கொண்டுவந்தவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். “யாரும்மா சொன்னது?” என்றால், சேர்க்கை மேசையில் இருந்த சார் சொன்னாராம். வீட்டில் சித்தப்பாவும் ஆமாம் போட்டாராம்.

ஆசைப்பட்டுத் தமிழ் எடுப்பவரை நான் ஏன் தடுக்கப்போகிறேன்? பயந்துபோய் எடுப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சரி, அந்தப் பயத்தில் ஏதாவது உண்மை இருக்கிறதா? ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். பிறகு தமிழுக்கு இலக்கண நூலும் எழுதினார், லத்தீன் மொழியில். இடையில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. இன்றைக்கும் ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் தேர்வுத்தாளில் குறிப்புகள்கூட ஜெர்மனில்தான் இருக்கும். பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃபும் அப்படியே. ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில் முகப்பு அட்டையில் ஆங்கிலக் குறிப்பு இருந்தாலும், கேள்விகள் ஜப்பானியத்தில்தான். ஆங்கிலம் குறுக்கே நிற்பது நாம் வாங்கி வைத்திருக்கும் பாடப்புத்தகங்களின் அருஞ்சொல் பட்டியலில். அது புத்தகத்தின் குறை, மாணவரின் குறை அல்ல.

இன்னும் சொன்னால், பல இடங்களில் ஆங்கிலம்தான் காலை வாருகிறது. ‘எனக்குக் குளிருகிறது’ என்பதற்கு ஜெர்மனில் ‘மிர் இஸ்ட் கால்ட்’. அந்த ‘மிர்’ நம்முடைய ‘எனக்கு’தான். நான்காம் வேற்றுமை என்று ஒரு வார்த்தை சொன்னால் தமிழ் வழி மாணவர் தலையாட்டிவிடுவார். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் ‘இஹ் பின் கால்ட்’ என்பார். அதைக் கேட்கும் ஜெர்மானியருக்கு ‘நான் ஈரமில்லாத மனசுக்காரி’ என்று சொன்ன மாதிரி இருக்கும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதும் ‘தஸ் கெஃபெல்ட் மிர்’தான். பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ இரண்டும் நீ, நீங்கள். ஆங்கில வழிப் பிள்ளைகள் செமஸ்டர் முடியும்வரை பேராசிரியரைத் ‘தூ’ போட்டுக் கூப்பிடுவார்கள். (கோபித்துக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.)

ஜப்பானிய வகுப்பில் இது இன்னும் வேடிக்கை. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தாபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. ‘மிரு’ என்றால் பார்ப்பது, நாம் சொல்கிற அதே பார்ப்பது. ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வைப்பது. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் கரும்பலகையில் ஒரு வரி போதும்.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் மீனும் ‘புவாஸோன்’, பானமும் ‘புவாஸோன்’. நமக்கு இருப்பது ஒரே ‘ப’. ஆனால் பல்லியில் ஒரு ஒலி, தம்பியில் இன்னொரு ஒலி என்று வாய்க்கு இரண்டும் தெரியும். தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பாருங்கள், பிடிபட்டுவிடும். எழுத்துக்கு மேலே தமிழில் குறிப்பு எழுதுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். முதலில் காது, பிறகுதான் பேனா.

அப்புறம், பக்கத்து பெஞ்சைப் பார்த்து மிரள வேண்டாம். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து 100-க்கு 98 வாங்கியவர் அங்கே இருப்பார். விடைகளை மனப்பாடம் செய்து வந்தவர்தான் அவர்களில் பாதிப்பேர். குடிக்கத் தண்ணீர் கேள் என்றால் திணறுவார்கள்.

சக ஆசிரியர்களுக்கு: பத்து நிமிடம் தமிழில் இலக்கணம் விளக்கினால் வகுப்பின் தரம் போய்விடாது. பார்வையற்ற மாணவர் இருந்தால், அவருடைய திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருளில்) பிரெஞ்சுக் குரல் போட்டிருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். இல்லையென்றால் அது பிரெஞ்சை ஆங்கிலமாகப் படித்துத் தள்ளும், அவர் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் டெல்ஃப் போன்ற வெளித்தேர்வுகளிலும் உண்டு. பதிவு செய்யும்போதே சான்றிதழோடு கேட்க வேண்டும். தேர்வு அறை வாசலில் நின்று கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சேர்க்கை மேசையில் உட்காருபவர்களே, படிவத்தை வாங்கி வையுங்கள், போதும். எந்த மொழி யாருக்கு வரும் என்ற ஜோசியம் வேண்டாம். பெற்றோரே, சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் துறைக்கு வாருங்கள். தமிழிலேயே பேசலாம்.

மாணவர்களுக்கு ஒன்று மட்டும். மொழி மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி உங்கள் கல்லூரியில் எது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வகுப்பை விடாதீர்கள். அந்தக் கடைசி நாளிலும் பிடிக்கவில்லையென்றால் கடிதத்தோடு வாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். காரணம் என்ற இடத்தில் மட்டும் ஆங்கிலத்தை எழுதாதீர்கள்.