கோடெக்: தமிழில் குறிவிலக்கி போதுமா?

ஆண்ட்ராய்டு போனில் எம்எக்ஸ் பிளேயர் என்ற வீடியோ செயலியைத் திறந்து எம்கேவி வகைக் கோப்பாக உள்ள படம் ஒன்றைத் தட்டுகிறோம். காட்சி ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம். இஏசி3 ஒலிக்கு ஆதரவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்து மறைகிறது. உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "கோடெக் போடு, வந்துடும்."

ஆங்கிலத்தில் கோடர், டிகோடர் என்ற இரண்டு சொற்களின் முன்பாதியை வெட்டி ஒட்டியதுதான் கோடெக். மோடம் பிறந்ததும் இப்படித்தான். முதலில் குரலை எண்களாக்கி, திரும்பக் குரலாக்கித் தரும் கருவிக்கு இந்தப் பெயர் இருந்தது. அப்புறம் அதே வேலையைச் செய்யும் மென்பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. வேலை என்ன என்றால், சுருக்குவது. 1080பி காட்சியைச் சுருக்காமல் அப்படியே வைத்தால் நொடிக்குச் சுமார் 150 எம்பி பிடிக்கும், இரண்டு மணி நேரப் படம் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். எம்கேவி என்பது வெறும் டப்பா, உள்ளே இருக்கும் ஒலியும் ஒளியும் எப்படிச் சுருட்டப்பட்டன என்பதுதான் கோடெக் சமாச்சாரம். (இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.)

ஒலியைச் சுருட்டும் முறைகளில் ஏசி3, இஏசி3 இரண்டும் டால்பி நிறுவனத்துடையவை; டிடிஎஸ் என்ற இன்னொரு முறை வேறு நிறுவனத்துடையது. உரிமச் சிக்கலால் எம்எக்ஸ் பிளேயரில் இவற்றை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருளிலிருந்து உருவாக்கிய கோடெக் கோப்பை நாமே தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது இறக்காதீர்கள்: அமைப்புகளில் டிகோடர் பக்கத்தில், கஸ்டம் கோடெக் என்ற இடத்தில், ஏஆர்எம்வி8 நியான் என்பது போல ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குரிய கோப்புதான் உங்கள் போனின் பிராசஸருக்குப் பொருந்தும்.

சரி, தமிழ்ச் சொல்? கோடருக்குக் குறியாக்கி, டிகோடருக்குக் குறிவிலக்கி, இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. சேர்த்து எழுதினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனால் கவனியுங்கள், போனில் நாம் சேர்க்கும் இந்தக் கோப்பு எதையும் சுருட்டப்போவதில்லை, சுருட்டியதைப் பிரிக்க மட்டுமே நமக்கு அது வேண்டும், ஆகவே இந்த இடத்தில் குறிவிலக்கி என்பதே கச்சிதம். திரையை விலக்குவது போலக் குறியை விலக்கி உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. இரண்டு வேலையும் சேரும் இடத்தில், வீடியோ அழைப்பு மாதிரி, கோடெக் என்றே எழுதிவிடுவேன். ஒரே ஒரு தொல்லை, தகவலைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷனையும் சிலர் குறியாக்கம் என்கிறார்கள். அதற்கு மறையாக்கம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளட்டும்.