அந்தக் குழந்தைக்கு இப்போது ரத்தம் வேண்டாம்

போன வாரம் ஒரு அம்மா எங்கள் ரத்த வங்கிக்கு வந்து போனை நீட்டினார். அவருடைய மகளின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி. "திருவனந்தபுரத்தில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை. நாளைக் காலைக்குள் ஏ நெகட்டிவ் ரத்தம் தேவை. ஒரு உயிரைக் காக்க ஷேர் செய்யுங்கள்." கீழே அவருடைய நம்பர். அந்தப் பிள்ளை குணமாகி, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். செய்தி மட்டும் இன்னும் ஓடுகிறது. மார்த்தாண்டம், பாறசாலை, துபாய் என்று எங்கிருந்தெல்லாமோ நடுராத்திரியில் அழைப்பு வருகிறது. கூடப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டு போன்களில், மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக அவள் படம். "இத எப்படி சார் நிறுத்த?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்படி வருகிற முதல் ஆள் அவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "ஃபார்வர்டு பண்ணுனதுல என்ன சார் கெட்டுப்போச்சு? ஒருவேளை யாருக்காவது உதவுமே." கெட்டுப்போகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தச் செய்தியில் "நாளை" இருக்கிறது, தேதி இல்லை. நீங்கள் அனுப்பும் நாளில் அது புதிய செய்தியாகிவிடுகிறது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்கோ ஒரே ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? காப்பி எடுத்து ஒட்டுகிறார்கள். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளமும் அதோடு போய்விடுகிறது. சர்ச் குரூப், ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் குரூப், வளைகுடா குரூப் என்று சுற்றி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் மாறி, மறுபடியும் தமிழில் நமக்கே வந்து சேர்கிறது.

சரி, ஒரு நல்ல பையன் அதை நம்பி ஆட்டோ பிடித்து ரத்தம் கொடுக்க வருகிறான் என்று வையுங்கள். விசாரித்தால் நோயாளியே இல்லை. வந்ததுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறான். இனி 90 நாளைக்கு அவனிடம் எடுக்க முடியாது. பெண்ணாக இருந்தால் 120 நாள். அவன் ஏ நெகட்டிவ். நம் பகுதியில் அந்த வகைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். சேமித்து வைக்கலாமே என்பீர்கள். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை தாங்கும், அவ்வளவுதான். தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான், அதுவும் 20 முதல் 24 டிகிரியில் ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்திருந்தால். இரண்டு மாதம் கழித்துப் பிரசவத்தில் ரத்தப்போக்கோடு ஒரு ஏ நெகட்டிவ் பெண் வரும்போது அவனைக் கூப்பிட வழியில்லை. ஒரு பழைய செய்தி எங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இன்னொன்று. "பி பாசிட்டிவ் அவசரம்" என்று ஊரையே எழுப்புகிறார்கள். ஓ பாசிட்டிவும் பி பாசிட்டிவும்தான் நம்மிடம் அதிகம் பேருக்கு. பெரும்பாலும் அந்த ரத்தம் வங்கியில் இருக்கும். அதை ஈடுகட்ட ஒருவர் கொடுத்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஈடுகட்ட எந்த வகை ரத்தமும் ஆகும். எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றுவதும் கிடையாது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பார்க்க வேண்டும்.

அந்த நம்பரை மோசடிக்காரர்களும் பார்க்கிறார்கள். "நான் கொடுக்க வர்றேன், கார் வாடகைக்கு ஜிபே பண்ணுங்க" என்பார்கள். பணம் போனதும் போன் அணைந்துவிடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. முன்பணம் கேட்கும் ஆளிடம் பேச்சை அங்கேயே முடியுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

செய்தி வந்தால் முதலில் அந்த நம்பருக்கு நீங்களே பேசுங்கள். பேசாமல் அனுப்பாதீர்கள். இதற்கு மேல் எளிதாக எப்படிச் சொல்வது? ரத்தம் தேவைப்படுபவர்கள் முதலில் மருத்துவமனை ரத்த வங்கியைக் கேளுங்கள். எந்த வங்கியில் எந்த வகை இருப்பில் இருக்கிறது என்பதை மத்திய சுகாதார அமைச்சகத்தின் இ-ரக்த்கோஷ் தளத்தில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். அதன் பிறகும் செய்தி போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி, நேரம், மருத்துவமனை, எத்தனை யூனிட், எதுவரை என்று எழுதுங்கள். கிடைத்ததும் அதே குரூப்பில் "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று போட்டு, பழையதை அழித்துவிடுங்கள்.

நோயாளியின் படத்தை மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து. படத்தைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை; எங்களுக்கு டாக்டர் எழுதிய கோரிக்கைச் சீட்டும் நோயாளியின் ரத்த மாதிரியும் போதும். நீங்கள் போட்ட செய்தியை நீங்கள் அழிக்கலாம். மற்றவர்கள் காப்பி எடுத்ததை யாராலும் அழிக்க முடியாது.

உதவ வேண்டும் என்ற மனசு உண்மையென்றால் அவசரம் இல்லாத ஒரு நாளில் வாருங்கள். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தேவைப்படுகிற அன்றைக்கு நாங்களே கூப்பிடுகிறோம்.